ஹென்டர்சனில் விரிந்த மரத்தூள் கம்பளம்

நியூசிலாந்தில் ஈஸ்டர் இலையுதிர்காலத்தில் வரும். அதற்கு முந்தைய குருத்தோலை ஞாயிறன்று நானும் என் மனைவி சுமதியும் ஆக்லாந்தின் புறநகரான ஹென்டர்சன் போய்வந்தோம். மாசி என்ற பக்கத்துப் புறநகரில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து ஏழு கிலோமீட்டர்தான். இதுவும் ஒரு பயணமா என்று சிரிக்காதீர்கள். சுமதி ஆக்லாந்து வந்து நான்கு மாதம். வேலை தேடி அலுத்து, "தஞ்சாவூருக்கே போயிடுறேங்க" என்று சொல்ல ஆரம்பித்திருந்தாள். அவளை வீட்டைவிட்டுக் கிளப்புவதே எனக்குப் பெரும்பாடாக இருந்தது.

பக்கத்து வீட்டு ஜெசிந்தா அக்காதான் வழி சொன்னார். மன்னார்க்காரர். "எங்கட கோயிலுக்கு வாற லத்தீன் அமெரிக்கச் சனம் ஓவியக் கண்காட்சி வைக்குது. வந்து பாருங்கோவன்."

காலை பத்து மணிக்குத் தேவாலயத்தை ஒட்டிய மண்டபத்துக்குள் நுழைந்தோம். கட்டணம் இல்லை. சிலி நாட்டுக்காரர் ஒருவர் வரைந்த மாதா, விமான நிலைய வரிசையில் சூட்கேஸோடு நிற்கிறார். காலில் இந்த ஊர்க்காரர்கள் ஜண்டல் என்று சொல்லும் ரப்பர் செருப்பு. மெக்சிகோ பெண் ஒருவர் தன் முகத்தையே வரைந்திருந்தார். வாய் இருக்கவேண்டிய இடத்தில் ஸ்பானிஷ், ஆங்கில எழுத்துகள் சிக்கிக் கிடந்தன. சுமதி அதன் முன்னால் வெகுநேரம் நின்றாள்.

ஆனால் எல்லோரையும் இழுத்தது தரையில் இருந்த கம்பளம். முழுக்கச் சாயமேற்றிய மரத்தூள்! குவாத்தமாலாவிலிருந்து வந்த எலேனா, முதியோர் இல்லத்தில் வேலை பார்ப்பவர், அதைப் போட்டுக்கொண்டிருந்தார். நடுவில் அவர் நாட்டுப் பச்சைப் பறவை, சுற்றிலும் ஆக்லாந்தின் சிவப்புப் பொஹுடுகாவா பூக்கள். பகல் பன்னிரண்டுக்குச் சிலையைச் சுமந்தபடி பவனி இதன்மேல் நடந்துபோகும் என்றார்.

அந்த நேரம் யாரோ பக்கக் கதவைத் திறந்தார்கள். ஆக்லாந்துக் காற்றுக்குக் கேட்கவா வேண்டும்? ஒரு மூலை முழுக்கப் பறந்துவிட்டது. எலேனா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். உதவிக்கு வரவேண்டிய இரண்டு பேரும் ஷிஃப்டில் மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"சுமதி, உமக்குக் கோலம் வருமல்லோ?" என்றார் ஜெசிந்தா அக்கா.

"வரும்க்கா. ஆனா நாங்க இந்து. சாமி காரியத்துல கை வைக்கலாமா?"

நான் அதை எலேனாவுக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் சுமதியை நிமிர்ந்து பார்த்தார். "உங்கள் கை நடுங்குமா?"

"நடுங்காது" என்றாள் சுமதி, அவளே ஆங்கிலத்தில்.

"அப்படியானால் உட்காருங்கள்."

மரத்தூள் கோலமாவு போல விரலிடுக்கில் வழுக்கி இறங்காது. முதல் இழை திட்டுத்திட்டாக விழுந்தது. சுமதி தூளை இன்னொருமுறை சலித்தாள். பிறகு பச்சையிலும் ரோஸிலும் சிக்குக் கோலம் வளைந்து வளைந்து ஓடியது. இழை எங்கே தொடங்குகிறது என்று விரலால் தொடர்ந்துபார்த்த எலேனா இரண்டுமுறை வழி தவறி, வாய்விட்டுச் சிரித்தார். சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது.

எக்காளமும் முரசும் முழங்கப் பவனி வந்தது. சுமதி வருந்துவாளோ என்று எனக்குப் பயம். அவளோ, "மிதிக்கிறாங்க பாருங்க!" என்று குதித்தாள்.

"ஓம், அதுக்குத்தானே போட்டது" என்றார் அக்கா.

எலேனா சுமதியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பவனியில் சேர்ந்தார். தன் கோலத்தைத் தானே மிதித்துக்கொண்டு நடந்தாள் என் மனைவி. நான்கு மாதத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்க்கவில்லை.

மதியம் வாழையிலையில் மடித்து அவித்த சோளமாவுத் தமாலே, ஒன்று எட்டு டாலர். "கொழுக்கட்டைக்குள்ள கோழிய வெச்சிருக்காங்க!" என்றபடி சுமதி இரண்டு சாப்பிட்டாள்.

போக நினைப்பவர்களுக்கு: ஹென்டர்சனுக்கு ரயில் உண்டு. வார இறுதியில் தண்டவாள வேலை நடந்தால் பஸ்தான் விடுவார்கள், பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். சாயம் ஒட்டும், பழைய துணி போதும். பவனிக்கு இரண்டு மணி நேரம் முன்பே போனால் உங்களுக்கும் ஒரு வேலை கிடைக்கும்.

கலைக்கு மொழி வேண்டாம் என்றெல்லாம் நான் சொல்லமாட்டேன். அன்று தமிழும் ஆங்கிலமும் தேவைப்பட்டன. ஒன்று மட்டும் சொல்கிறேன். இந்த ஊரில் வேலைக்கு விண்ணப்பித்தால், உங்களைத் தெரிந்தவர் இங்கே யார் என்று கேட்பார்கள். இதுவரை அந்த இடத்தைக் காலியாகவே விட்டுவந்த சுமதி, போன வாரம் யாரையும் கேட்காமல் எலேனாவின் பெயரை எழுதினாள்.