பதினாறாம் வாய்ப்பாடு

சனிக்கிழமை மாலை ஐந்து மணி. சின்னவள் இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு, மாதா கோயில் பெஞ்சில் உட்கார்ந்தபடி பதினாறாம் வாய்ப்பாட்டை முணுமுணுக்கிறாள். பக்கத்தில் அவள் அக்கா சாமியாரிடம் தன் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துகொண்டிருக்கிறாள். பக்கத்தில் என்றால், எழுந்து நகர வழியில்லாத பக்கம். இருவரும் இடுப்பில் ஒட்டிப் பிறந்தவர்கள். அக்காவின் பாவம் தங்கை காதில் விழக்கூடாது. அதற்குத்தான் பஞ்சு, அதற்குத்தான் வாய்ப்பாடு. முடிந்ததும் அக்கா முழங்கையால் ஓர் இடி இடிப்பாள். பஞ்சு அவள் காதுக்குப் போகும், தங்கையின் முறை வரும்.

“அவ பாவம் பத்துப் பதினாறைத் தாண்டாது சார். என்னுதுதான் இழுத்துக்கிட்டே போகும்” என்பாள் சின்னவள் என்னிடம்.

இருபது வருடமாக இந்தப் பஞ்சு போதும் என்றுதான் பங்குச் சாமியார் இருவருக்கும் பாவமன்னிப்புக் கொடுத்து வருகிறார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு வயிறெரிவது இதில்தான்.

அவர்கள் வீட்டு முன்னறையில் புத்தக பைண்டிங் வேலை. அக்கா தைப்பாள், தங்கை ஒட்டுவாள். தச்சரிடம் சொல்லி அகலமாகச் செய்த ஒரே முக்காலி. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பசையை இழுத்துப் பார்த்து, அது நூல் விட்டால்தான் சின்னவள் பிரஷைத் தொடுவாள். பள்ளிக்கூடக் குமாஸ்தாவான நான் வருகைப் பதிவேடுகளோடு போனால், மூலை மடங்கிய பக்கங்களை எண்ணி, “பிள்ளைங்களை அடிக்கிற மாதிரிதான் இதையும் அடிப்பீங்களா?” என்று கேட்பாள். கோயில் பதிவேடுகளும் அவர்களிடம்தான் வரும். பழைய ஞானஸ்நானப் பதிவேடு ஒன்று தையல் விட்டு வந்தபோது, அதில் தங்களையே தேடிக் கண்டுபிடித்திருக்கிறாள்.

“நாப்பத்தொண்ணாம் நம்பர் அவ, நாப்பத்திரண்டாம் நம்பர் நான். ரெண்டு தலையிலயும் தனித்தனியா தண்ணி ஊத்தியிருக்காங்க சார்.”

பஸ்ஸிலும் இரண்டு டிக்கெட்தான். எந்தக் கண்டக்டரும் இதுவரை ஒருத்தி என்று தள்ளுபடி கொடுத்ததில்லை.

பத்தொன்பது வயதில் கன்னியர் மடத்தில் சேரப் போனாள் சின்னவள். மடத்துத் தலைவி நல்ல மாதிரி. கையைப் பிடித்துக்கொண்டு பேசினாராம். “உனக்கு தேவ அழைத்தல் இருக்கும்மா. உங்க அக்காவுக்கு இல்லையே. நீங்க ரெண்டு பேர். உள்ளே வெளியாள் தங்கக்கூடாது. மனசில்லாதவளைச் சேர்க்கவும் கூடாது.” நான் வாயே திறக்க மாட்டேன் என்று அக்கா அழுதிருக்கிறாள். பலிக்கவில்லை. அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்று சின்னவளே சொல்கிறாள். எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

அன்றிலிருந்து மடத்து நேர அட்டவணைப்படிதான் அவள் எழுவதும் ஜெபிப்பதும். பிரஷ் கையிலிருக்கும்போதே நேரம் வந்தால் கண்ணை மூடிக்கொள்வாள். பசை காயாமல் அக்கா மூடிபோட்டு வைப்பாள். “மடத்துக்குள்ள என்னை விடலை. அதான் மடத்தை இங்க கூட்டிட்டு வந்துட்டேன்.”

இப்போது இருவருக்கும் முப்பத்தொன்பது. அச்சகத்தில் காகிதம் வெட்டும் மெஷின்காரர் ஒன்பது வருடமாகத் தாள்கட்டு கொண்டுவந்து போடுகிறவர். அவரும் அக்காவும் கல்யாணம் செய்துகொள்ள விரும்புகிறார்கள். அவர் எனக்குப் பழக்கமானவர், அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். மூன்று ஞாயிறு கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தால் ஆயிற்று. முதல் தடவை அதைக் கேட்கப் போனபோது சாமியார் சொன்னார்: “உங்களுது ஒரே உடம்பு. அதுல பாதி கல்யாணம், பாதி துறவறம்னா எப்படிம்மா?”

“மடத்துல ரெண்டு பேர்னு திருப்பி அனுப்பினாங்க. இங்க ஒருத்தின்னு அனுப்பறீங்க. எங்களை எண்ணத் தெரிஞ்சவங்க யாருமே இல்லையா சாமி?” என்று கேட்டிருக்கிறாள் சின்னவள்.

கேட்டால் என்ன? திருச்சபைச் சட்டத்தில் அப்படி ஒரு வரி இல்லை என்றார். கூடாது என்றும் ஒரு வரி இல்லையே! இரண்டாம் தடவை, மேலிடத்துக்கு எழுதியிருக்கிறேன் என்றார். எழுதியதாக எனக்குத் தோன்றவில்லை. இதற்குள் தெருவில் ஆளாளுக்கு நீதிபதி ஆகிவிட்டார்கள். ராத்திரி எப்படி என்று வாய் கூசாமல் கேட்கிறார்கள். “அதை அக்காவும் நானும் பேசி முடிச்சாச்சு. உங்களுக்கு என்ன வேணும்?” என்று ஒரே ஒருத்தியிடம் மட்டும் சின்னவள் கேட்டுவிட்டு, அதன் பிறகு தெருவில் நடக்கும்போதும் பஞ்சை வைத்துக்கொள்ள ஆரம்பித்தாள். “ஊர் பேசறதுக்கும் இதான் சார் மருந்து.”

மூன்றாம் தடவை மாப்பிள்ளைக்குச் சாட்சியாக நானும் போனேன். மேஜைமேல் நீலக் காலிகோ துணி போட்ட திருமணப் பதிவேடு. இவர்கள் பைண்டு செய்ததுதான். மணப்பெண்ணுக்கு மனப்பூர்வமான சம்மதமா என்று தனியாக விசாரிக்க வேண்டும், அதற்குத்தான் வழியில்லையே என்றார் சாமியார்.

“பஞ்சு இருக்கு சாமி” என்றாள் சின்னவள். காதை அடைத்துக்கொண்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, வாய்ப்பாட்டைத் தொடங்கினாள். மாப்பிள்ளையையும் என்னையும் சாமியார் வெளியே போகச் சொன்னார். வாசற்படியில் நின்றோம். கதவு திறந்துதான் இருந்தது.

சாமியார் சம்மதம் கேட்கவில்லை. குரலைத் தாழ்த்தி, “உனக்கு எதுக்கும்மா இந்த வயசுல இதெல்லாம்? ஊர் என்ன பேசும்னு யோசிச்சுப் பார்த்தியா?” என்றார்.

அக்கா தலை குனிந்துகொண்டாள். முழங்கையால் இடிக்கவில்லை. ஆனால் அவள் உடம்பு நடுங்கினால் தங்கைக்குத் தெரியாமல் போகுமா? ஏழு பதினாறு நூத்திப் பன்னெண்டில் வாய்ப்பாடு நின்றது. சின்னவள் பஞ்சை எடுத்தாள்.

“என்னக்கா கேட்டார்?”

“ஊர் என்ன பேசும்னு.”

“சம்மதமான்னு கேக்கலையா?”

“இல்ல.”

சின்னவள் அந்த இரண்டு பஞ்சுருண்டைகளையும் நீலப் பதிவேட்டின்மேல் வைத்து, சாமியார் பக்கமாக நகர்த்தினாள்.