கறுப்பு ஏறாத ஓரம்

என் வீட்டுக்காரர் பாதி ஆயுசை சவூதியில் டிரெய்லர் ஓட்டியே கழித்தவர். பாலைவனத்து ரோட்டில் அவ்வளவு நீள வண்டியை ஒரு கீறல் விழாமல் ஓட்டினேன் என்பதுதான் அவர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் ஒரே பெருமை. மற்றபடி அதிகம் பேசமாட்டார். இனிமேல் போகப்போவதில்லை என்று ஊர் திரும்பியதும் ஒரு பழைய வெள்ளைக் கார் வாங்கி மேலப்பாளையத்தில் எங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். எஞ்சின் நன்றாக இருந்தது. சீட்டுகள் கிழியவில்லை. பம்பரிலும், சக்கரங்களுக்கு மேலுள்ள வளைவுகளிலும், கதவுகளின் அடியிலும் ஓடுகிற கறுப்பு பிளாஸ்டிக் மட்டும் வருஷக்கணக்காக வெயிலில் கிடந்து வெளுத்துப்போயிருந்தது. அடுப்புச் சாம்பலைத் தண்ணீரில் குழைத்துப் பூசின மாதிரி ஒரு நிறம்.

"வண்டிக்கு வயசாயிட்டுன்னு இந்த பிளாஸ்டிக்குதான் காட்டிக் குடுக்குது. இத மட்டும் கறுப்பாக்கிட்டா புது வண்டிதான்" என்றார்.

எனக்குச் சிரிப்பாக வந்தது. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்துகொண்டு, மகளையும் ஒற்றையாக வளர்த்து ஏரலில் கட்டிக்கொடுத்தவள் நான். வருஷத்துக்கு ஒரு மாசம் மட்டும் வீட்டில் இருந்த மனுஷன் இப்போது தினமும் வாசலில் குத்தவைத்துக்கொண்டு காரைத் துடைப்பதைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. முதலில் தேங்காய் எண்ணெய் தேய்த்தார். பளபளவென்று கறுத்தது. சாயங்காலத்துக்குள் தெருப் புழுதி மொத்தமும் அதில் ஒட்டிக்கொண்டது. அடுத்து ஷூ பாலிஷ் போட்டார். அது நாலைந்து நாள் நின்றது. பிறகு ஒரு கோடை மழை பெய்து, கதவிலிருந்து கறுப்புக் கண்ணீராக வழிந்து வாசல் சிமெண்டெல்லாம் கறையானது. நான் விளக்குமாறும் வாளியுமாக நின்றேன். அவர் என்னைப் பார்க்காத மாதிரி உள்ளே போய்விட்டார்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுதுவிட்டு வந்தவர், தலை பிளக்கிறது என்று படுத்தார். ஒரு தடவை வாந்தி எடுத்தார். வெயில், பித்தம் என்று நினைத்து எலுமிச்சம்பழச் சாறு கொடுத்தேன். தூங்கி எழுந்தபோது சரியாகிவிட்டது என்றார். நானும் அதை அதோடு மறந்துவிட்டேன்.

முதல் கீறல் அதற்குப் பிறகு வந்தது. பின் சக்கரத்து வளைவில், அவர் எண்ணெய் போட்டு வைத்திருந்த கறுப்பின் மேல் நீளமாக ஒரு வெள்ளைக் கோடு. "மார்க்கெட்ல நிறுத்தியிருந்தேன். எவனோ பைக்க ஒரசிட்டுப் போயிருக்கான்" என்றார். மறுபடி தேய்த்து மறைத்தார். கொஞ்ச நாளில் கதவடியில் ஒன்று. பிறகு முன் பம்பர் முனையில். அதில் நீலப் பெயிண்ட் ஒட்டியிருந்தது. எங்கள் வீட்டு கேட்டின் நீலம். அதைக் காட்டினேன். "நம்ம கேட்டுலயா? நான் எங்க இடிச்சேன்?" என்று அவர் கேட்டதில் பொய்யே இல்லை. பொய் சொல்லியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். அவர் நிஜமாகவே திகைத்து நின்றதைப் பார்த்துத்தான் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்தேன்.

எல்லாக் கீறலும் இடது பக்கம். வலது பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. பைக் ஓட்டுகிறவர்கள் எல்லாரும் பேசிவைத்துக்கொண்டு இடது பக்கமாகவா வருவார்கள்?

ஒருநாள் நான் வண்டியைக் கழுவினேன். இடது முன் சக்கரத்துக்கு மேலே, பிளாஸ்டிக்குக்கும் தகரத்துக்கும் நடுவிலுள்ள இடுக்கில் பச்சையாக ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. செடி என்று நினைத்து இழுத்தேன். வரவில்லை. பலமாக இழுத்தபோது, முழம் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் வயர் கையோடு வந்தது. காய்கறி வாங்கப் பெண்கள் கொண்டுபோகிற வயர்க்கூடையில் பின்னியிருக்குமே, அந்த வயர். பின்னல் மடிப்புகள் அப்படியே இருந்தன. அறுந்த முனை நைந்திருந்தது.

வாளித் தண்ணீரில் கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கூடை கையில்தானே இருந்திருக்கும்? அந்தக் கைக்கு என்ன ஆனது?

அவரிடம் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரோட்டுல கெடந்தத சக்கரம் சுத்தி இழுத்திருக்கும்" என்றார். இருக்கலாம். அப்படித்தான் இருக்கவேண்டும் என்று நானும் துஆ கேட்டுக்கொண்டேன்.

மகளைப் பார்க்க ஏரலுக்குப் போனது அதற்கடுத்த சனிக்கிழமை. திருச்செந்தூர் ரோட்டில் காலை வெயில் எதிரே அடித்தது. நான் அவருக்கு இடது பக்கம் உட்கார்ந்திருந்தேன். செய்துங்கநல்லூர் வரை பேசிக்கொண்டே வந்தோம். அதன் பிறகு எனக்குப் பேச்சு வரவில்லை. வண்டி கொஞ்சம் கொஞ்சமாக இடது ஓரத்துக்கு ஒதுங்கிக்கொண்டே போனது. மைல்கல்லும், புளியமரமும், ஓரமாக மேய்ந்த ஆடும் என் கண்ணாடிக்குப் பக்கத்தில் சடார் சடாரென்று வந்து போயின. "கொஞ்சம் நடுவுல போங்களேன்" என்றேன். "நடுவுலதான் போயிட்டிருக்கேன்" என்றார்.

ஆழ்வார்திருநகரி நெருங்கும்போது முன்னால் ஒருவர் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். பின் கேரியரில் இரண்டு பக்கமும் வாழைத்தார் தொங்கியது. தூரத்திலேயே நான் பார்த்துவிட்டேன். இவரும் பார்த்திருப்பார், விலகுவார் என்று காத்திருந்தேன். வண்டி விலகவில்லை. வேகமும் குறையவில்லை. இவருடைய முகத்தைத் திரும்பிப் பார்த்தேன். வெறும் ரோட்டில் போகிறவரைப் போல நிம்மதியாக இருந்தார்.

"என்னங்க!" என்று அலறிக்கொண்டே ஸ்டியரிங்கைப் பிடித்து வலது பக்கம் தள்ளினேன். இடது கண்ணாடி வாழைத்தாரில் மோதி மடங்கியது. கீழே பிளாஸ்டிக் கரகரவென்று உரசியது. சைக்கிள்காரர் காலை ஊன்றி, வாய்க்கால் சரிவில் பாதி இறங்கி, எப்படியோ விழாமல் நின்றுவிட்டார்.

"ஏலே, கண்ணு தெரியலையா ஒனக்கு?" என்று கத்தினார்.

இவர் வண்டியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "யாரு? எங்கருந்து வந்தான் அவன்?"

"எங்கருந்தும் வரல. நமக்கு முன்னாடி போயிட்டிருந்தாரு."

"குறுக்க வந்துட்டான் போல."

"குறுக்க வரல. நான் அவ்வளவு தூரத்துலருந்து பாத்துட்டே வாரேன்."

நான் இறங்கிப் போய் சைக்கிள்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். பிய்ந்து விழுந்த காய்களைப் பொறுக்கிக் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டு, "நீங்க போங்கம்மா. அவர பைய ஓட்டச் சொல்லுங்க" என்றார். மீதித் தூரமெல்லாம் ஆளைக் கண்டால் ஆள், மாட்டைக் கண்டால் மாடு என்று நான் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனேன். இவர் அதற்கு ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. திரும்பும்போது மருமகனை ஓட்டவைத்துக் கூட்டிவந்தேன். மருமகனுக்கு டவுனில் வேலை இருக்கிறதென்று ஒரு சாக்குச் சொன்னேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வண்ணார்பேட்டையில் கார் சாமான் விற்கிற கடைக்காரர் முன்பே இவரிடம் பிளாஸ்டிக்கைக் கறுப்பாக்குகிற மருந்து ஒரு பாட்டில் கொடுத்திருந்தார். "அண்ணாச்சி, எண்ணெயும் பாலிஷும் மேலாக்க நிக்கும், ஓடிரும். இது பிளாஸ்டிக்கோட ஒட்டிப் பிடிச்சுக்கிடும், வெயிலயும் தாங்கும். ஆனா அழுக்கும் பழைய எண்ணெயும் சுத்தமாப் போயிருக்கணும்" என்று சொல்லியிருந்தாராம். இவர் அன்று காலையிலேயே ஆரம்பித்துவிட்டார். சோப்புத் தண்ணீர் போட்டு, பல் தேய்க்கிற பிரஷ்ஷால் பிளாஸ்டிக்கின் சொரசொரப்புக்குள் எல்லாம் தேய்த்தார். காயவிட்டு ஸ்பிரிட்டால் துடைத்தார். வெள்ளைப் பெயிண்டில் படாமலிருக்க ஓரமெல்லாம் டேப் ஒட்டினார். பிறகு சின்ன ஸ்பாஞ்சில் சொட்டுச் சொட்டாக மருந்தை விட்டுத் தடவ ஆரம்பித்தார்.

நான் அடுப்படியிலிருந்து ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு கவனம். அவ்வளவு பொறுமை. நேற்று நடந்தது ஏதோ கண்ணயர்ந்ததாகத்தான் இருக்கும் என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

மத்தியானம் லுஹர் பாங்கு சொல்வதற்குக் கொஞ்சம் முன்னால் கூப்பிட்டார். "ஏளா, இங்கன வந்து பாரு!"

போனேன். முன்னால் பம்பருக்கு எதிரே நின்றுகொண்டு ஸ்பாஞ்சைக் கையில் வைத்தபடி சிரித்தார்.

பம்பரின் ஒரு பாதி, மழையில் நனைந்த கருங்கல் மாதிரி அப்படி ஒரு கறுப்பு. மறுபாதி பழைய சாம்பலாகவே இருந்தது. நடுவில் ஒரு கோடு போட்டு நிறுத்தின மாதிரி முடிந்திருந்தது.

"முடிஞ்சுட்டா?" என்றேன்.

"முடிஞ்சுட்டு. ஒரு எடம் விடல."

வண்டியைச் சுற்றி வந்தேன். ஒவ்வொரு துண்டும் அப்படியே. அவர் குத்தவைத்துத் தடவின இடத்திலிருந்து பார்த்தால், வலது கைப் பக்கம் கறுத்திருந்தது. இடது கைப் பக்கம் சாம்பலாகவே விட்டுப்போயிருந்தது. கதவில், சக்கர வளைவில், பின் பம்பரில், எல்லாவற்றிலும் இடது ஓரம்.

அவர் கையைப் பிடித்து பம்பரின் அந்தப் பாதியில் கொண்டுபோய் வைத்தேன். விரல்கள் அந்த வறட்டுப் பிளாஸ்டிக்கைத் தடவிப் பார்த்தன. தலையை மெதுவாகத் திருப்பினார். சாம்பலைப் பார்த்தார். முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது.

"இத யாரு தொடச்சது?" என்றார்.

"யாரும் தொடைக்கல. நீங்க இன்னும் தடவவே இல்ல."

வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். "பேப்பர்ல வரியெல்லாம் பாதியிலருந்து ஆரம்பிக்குது. அச்சு சரியில்லன்னு நெனச்சேன். கடை மாத்தி வாங்கினேன்." அப்புறம், "கதவு நெலையில தோள் இடிச்சுக்கிட்டே இருக்கு. வீட்டுல இருந்து பழக்கமில்லைல்ல, அதனாலன்னு நெனச்சேன்" என்றார்.

சாவியை நான் கேட்கவில்லை. அவரே சட்டைப் பையிலிருந்து எடுத்து என் கையில் வைத்தார்.

மறுநாள் பாளையங்கோட்டையில் கண் டாக்டரிடம் போனோம். அவர், இவருடைய கண்ணில் ஒன்றுமில்லை என்று சொல்லி, இன்னொரு இடத்துக்கு ஸ்கேன் எடுக்க அனுப்பினார். அங்கே ஒரு இளம் பெண் டாக்டர். ஒரு வெள்ளைத்தாள் கொடுத்து கடிகாரம் வரையச் சொன்னார். இவர் வட்டம் போட்டார். பன்னிரண்டு எண்களையும் வலது பாதியிலேயே அடுக்கிவிட்டு, பேனாவை மூடிவைத்தார். கணக்கு டீச்சரான எனக்கு அந்தத் தாளைப் பார்க்க முடியவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன்.

"கண்ணு நல்லாத்தான் இருக்கு. மூளையில இடது பக்கத்துப் பார்வைய வாங்கிக்கிடுற எடத்துல ரத்த ஓட்டம் நின்னிருக்கு. புதுசு இல்ல, சில மாசம் ஆயிருக்கும். அப்போ தலவலி, வாந்தி ஏதாவது வந்துச்சா?" என்று டாக்டர் கேட்டார்.

அந்த வெள்ளிக்கிழமையையும், எலுமிச்சம்பழச் சாறு கொடுத்ததையும் நான் சொன்னேன்.

"அப்படின்னா இடது பக்கம் இருட்டாத் தெரியணுமே? எனக்கு இருட்டா ஒண்ணும் தெரியலையே" என்றார் இவர்.

"இருட்டாத் தெரிஞ்சா நீங்களே வந்திருப்பீங்க. அந்தப் பக்கம் இல்லைங்கறதே தெரியாது. அதுதான் இதுல ஆபத்து."

திரும்ப வருமா என்று நான் கேட்டேன். பார்வை திரும்பி வருவதைத்தான் கேட்டேன். டாக்டர் வேறு மாதிரிப் புரிந்துகொண்டார். "இன்னொண்ணு வரலாம். வராமலும் போகலாம். ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் ஒழுங்கா வச்சுக்கிடணும். வண்டி மட்டும் இனிமே வேண்டாம்" என்றார். பார்வையைப் பற்றி, பெரிதாக எதிர்பார்க்கவேண்டாம், தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கப் பழகலாம் என்றார்.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரு சத்தமில்லாத பயம் வந்து குடியேறியது. அவர் குளிக்கப் போய் நேரமானால் கதவைத் தட்டுவேன். தலையைப் பிடித்துக்கொண்டால் ஓடுவேன். அவருக்கு வேறொரு பயம் இருந்தது. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"ஏளா, அந்தப் பச்சை வயரு... அந்தப் பொம்பளைக்கு ஒண்ணும் ஆகியிருக்காதுல்ல?"

மார்க்கெட்டுக்குப் போகும்போதெல்லாம் நான் பச்சை வயர்க்கூடைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்காரர்களிடம் விசாரித்தேன். யாருக்கும் அப்படி ஒன்று நடந்ததாக ஞாபகமில்லை. பெரிதாக ஏதாவது ஆகியிருந்தால் ஊரே பேசியிருக்கும் என்று அவரிடம் சொன்னேன். அவர் தலையாட்டினார். நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. நானே முழுசாக நம்பவில்லை.

காரை விற்றுவிடலாம் என்று மகள் சொன்னாள். நான்தான் வேண்டாம் என்றேன். இந்த வயசில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். கிளட்ச்சை விடத் தெரியாமல் வண்டியைக் குதிக்கவிட்டேன். என் வகுப்புப் பிள்ளைகளே ரோட்டில் நின்று சிரித்தார்கள். எப்படியோ லைசென்ஸ் வாங்கிவிட்டேன்.

மழைக்காலம் ஆரம்பித்த பிறகு ஒரு காலையில், மாத்திரை வாங்க அவரைக் கூட்டிக்கொண்டு ஜங்ஷனுக்குப் போனேன். ஆற்றுப் பாலத்தில் நெரிசல். வண்டிகள் ஊர்ந்தன. அவர் என் பக்கத்தில் நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"ஆத்துல தண்ணி வருதா?" என்றார்.

"ஒங்க பக்கந்தான். தலையத் திருப்பிப் பாருங்க."

முதலில் தலை திரும்பியது, பிறகு தோள், பிறகு மொத்த உடம்பும். கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு பார்த்தார். செம்மண் நிறத்தில், படித்துறைகளை மூழ்கடித்துக்கொண்டு, வேரோடு சாய்ந்த ஏதோ ஒரு மரத்தையும் இழுத்துக்கொண்டு ஆறு போய்க்கொண்டிருந்தது.

"எம்மா, எவ்வளவு தண்ணி" என்றார். பிறகு முன்னால் திரும்பி, "பைய போ" என்றார்.