அரண்மனையில் நான் பிடித்த கை

மொன்றியலில் கார்டெரி எனப்படும் ஒரு பகல்நேரக் காப்பகத்தில் சிறுபிள்ளைகளைப் பராமரிக்கும் வேலை எனக்கு. பிள்ளைகளோடு வெளியே நடக்கும்போது கையைப் பின்னால் நீட்டுவோம். கடைசிப் பிள்ளை பிடித்துக்கொள்ளும். திரும்பிப் பார்ப்பதில்லை. கண் முன்னால் போகிறவர்கள் மேல் இருக்கவேண்டும்.

போன விடுமுறைக்கு, கூட வேலை செய்யும் வனிதா அக்காவோடும் அவருடைய தோழியோடும் சியோல் போனேன். என் நான்கு வயது மகள் மாயாவும் வந்தாள். அரச அரண்மனைக்குக் கொரிய உடையில் போனால் நுழைவு இலவசம் என்பதால் வாடகைக்கு எடுத்து உடுத்தோம். மாயாவுக்கு இளஞ்சிவப்புப் பாவாடை. உள்ளே வேறு பிள்ளைகளும் அதே நிறத்தில் திரிந்தார்கள்.

"லீவில வந்தும் கையைப் பின்னால நீட்டிக்கொண்டு நடக்கிறாய். இஞ்ச ஒருத்தரும் உனக்குச் சம்பளம் தரமாட்டினம்," என்றார் வனிதா அக்கா. அவரும் தோழியும் படம் எடுக்க நின்றார்கள். நான் கையைப் பின்னால் நீட்டினேன். சின்னக் கை ஒன்று பிடித்தது. நடந்தேன்.

பின்பக்கத்தில் கூட்டம் இல்லை. ஒரு வாசலைத் தாண்டினால் இன்னொரு வாசல். காகிதம் ஒட்டிய கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன. என் கையிலிருந்த விரல்கள் சில்லிட்டிருந்தன.

"குளிருதோ செல்லம்?"

அந்த விரல்களை என் உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டேன்.

"களைச்சுப்போனியோ?"

குனிந்து பார்த்தேன். வேறு முகம்.

அந்தப் பிள்ளை அழவில்லை. என்னையே பார்த்தது. பிறகு தானாகவே கையை விடுவித்து, சுவரோரமாக அவசரமின்றி நடந்து, மூலையில் திரும்பியது. யாரோ அதைக் கூப்பிட்டது போலிருந்தது, உறுதியாகச் சொல்லமாட்டேன். ஓடிப் பார்த்தேன். வெறும் முற்றம்.

மாயாவின் பெயரைக் கத்திக்கொண்டு வந்த வழியே ஓடினேன். ஆளில்லாத ஒரு முற்றத்தின் நடுவில் அவள் கைகளைக் கோர்த்தபடி அசையாமல் நின்றாள்.

"ஏன் செல்லம் என்னைக் கூப்பிடேல்லை?"

"உங்கட கையில வேற பிள்ளை இருந்தது."

அவளும் எங்கள் கார்டெரிக்குத்தான் வருகிறாள். என் கையில் வேறு பிள்ளை இருந்தால் சத்தம் போடாமல் நிற்கவேண்டும் என்று நான்தான் பழக்கியிருந்தேன். நல்ல பிள்ளை என்று எல்லோரும் பாராட்டுவார்கள். நானும் பெருமைப்பட்டேன்.

மற்றப் பிள்ளையைப் பற்றிக் காவலாளியிடம் சைகையால் சொன்னோம். அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து தலையை அசைத்தார். கண்டேன் என்றாரா, காணவில்லை என்றாரா, இன்றும் தெரியாது.

தன் பிள்ளை இருக்கும் இடத்திலேயே வேலைக்குச் சேரும் தாய்மாருக்கு இதைத்தான் சொல்கிறேன்: காத்திருக்கப் பழக்குங்கள், ஆனால் அதற்கு முன் கூப்பிடப் பழக்குங்கள். யார் கையைப் பிடித்திருந்தாலும் என்னைக் கூப்பிடு என்று மாயாவிடம் தினமும் சொல்கிறேன். ஓம் என்கிறாள்.

இன்னும் ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை.