சுண்ணாம்பு அடித்த வழி

மேலே உப்புச் சுரங்கத்திலிருந்து கீழே கோட்டைச் சந்தைவரை கோவேறு கழுதைகள் உப்புப் பாளம் சுமந்த பழைய பாதை, இத்தோவின் வாசலை ஒட்டித்தான் போகிறது. ஆற்றுக்கு அக்கரையில் தார்ச்சாலை வந்ததும் கழுதைகள் நின்றுபோயின. முதுகில் பையோடு வெளிநாட்டுக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். மூச்சுவாங்கும் ஏற்றம் கிடையாது. ஒரு பக்கம் சிவந்த மலை, ஒரு பக்கம் பாதாம் பூத்த வயல், கூடவே ஆறு. இதை நடப்பதற்கு பிரான்சிலிருந்து கிளம்பி வருவார்களா என்று இத்தோவுக்கு அதிசயம்தான். வந்தால் வரட்டுமே! அக்ரூட் மரத்தடியில் பாய் விரித்து, புதினா டீயும் சுடச்சுட ரொட்டியும் ஒலிவ எண்ணெயும் வைத்தாள். புருஷன் மண்ணுக்குள் போன பிறகு மகன் பாஸுவை ஆளாக்கியது அந்தப் பாய்தான்.

வாய் மட்டும் கொஞ்சம் நீளம். எவனாவது ரொட்டியை மிச்சம் வைத்தால், "முழுசா தின்னுட்டு எந்திரிடா, எலும்புக் கழுதை!" என்று தன் மலைப் பேச்சில் திட்டுவாள். அவர்கள் புரியாமல் சிரிப்பார்கள். அவர்கள் பேசுவது அவளுக்குப் புரியும் என்பதுதான் வேடிக்கை. பிரெஞ்சு பேச வராது. ஆனால் இத்தனை வருஷம் டீ ஊற்றியவள் காதில் ஏறாமலா போகும்? இதை அவள் யாரிடமும் காட்டிக்கொண்டதில்லை, பெற்ற மகனிடம்கூட.

கிளம்பும்போது அவர்கள் சொல்ல ஒரு வார்த்தையும் கற்றுக்கொடுத்திருந்தாள். அவள் நாட்டில் வழியில் முன்பின் தெரியாதவர் ஒரு கை உதவினால் சொல்லும் வார்த்தை அது: "உன்னைப் பெத்தவங்களுக்கு அல்லா கருணை காட்டட்டும்." கேட்டவர், "உங்களைப் பெத்தவங்களுக்கும்" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் மரியாதை இல்லை. சொந்த வீட்டுக்குள் யாரும் அதைச் சொல்வதில்லை.

வீட்டுக்குக் கொஞ்சம் மேலே பாதை இரண்டாகப் பிரியும். ஒன்று இத்தோ வீட்டு வழி. இன்னொன்று ஓடையைத் தாண்டி பக்கத்து வீட்டு யாம்னாவின் வயல் வழியாகப் போய், வளைவில் மறுபடி சேரும். பழைய பாதை எது என்று தெரிய, வருஷாவருஷம் பாதாம் மொட்டு விடுமுன் இத்தோ சுண்ணாம்பைக் குழைத்துக் கற்களில் வெள்ளை அடித்துவிட்டு வருவாள். இந்த வருஷம் முழங்கால் மடங்க மறுத்தது.

"நீ உக்காரு இம்மா, நான் அடிச்சிட்டு வரேன்," என்றான் பாஸு. நடப்பவர்களை இப்போது அவன்தான் கூட்டி வருகிறான்.

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டதாம்! மழையில் கரையாமலிருக்க உப்புச் சேர்த்துத் தன் கையாலேயே குழைத்து, வாளியையும் நீட்டினாள்.

அதோடு சரி. பாதாம் பூத்தது, உதிர்ந்தது. ஒரு ஈ காக்கா வரவில்லை. தினம் ரொட்டி சுட்டாள், கோழிகள் தின்றன.

"ஆளே இல்ல இம்மா. இந்த வருஷம் எல்லாரும் கடற்கரைக்குப் போயிட்டாங்க," என்றான் பாஸு.

பாவம், பிள்ளைக்கும் பிழைப்பில்லையே என்று முட்டைகளை அவனுக்கே அவித்துக் கொடுத்தாள்.

ஒரு நாள் காலையில் ஓடைக்கு அப்பாலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. தடியை ஊன்றிக்கொண்டு பிரிவுவரை நடந்தாள். அவள் பக்கத்துக் கற்களில் செம்மண் பூசியிருந்தது. வெள்ளை, பளிச்சென்று, ஓடைப் பக்கம் இறங்கிப் போனது. தொட்டுப் பார்த்தாள். அவள் குழைத்த சுண்ணாம்பேதான்.

யாம்னா வயலில் புதிதாக நாணல் பந்தல், புதுப் பாய்கள், காலை நீட்டி உட்கார்ந்த வெள்ளைக்காரர்கள். கல்யாணம் கருமாதி எல்லாவற்றிலும் ஒரே சட்டியில் கைவைத்துத் தின்ற யாம்னா எழுந்து வந்தாள்.

"வாங்கக்கா, உக்காருங்க. டீ ஊத்தறேன்."

"என் டீயை எனக்கே ஊத்தறியாடி? வர்றவங்களை எல்லாம் உன் வாசலுக்குத் திருப்பின கை விளங்குமா?"

யாம்னாவின் முகம் மாறியது. "என் கையைச் சபிக்காதீங்கக்கா. நான் ஒரு கல்லைத் தொடல. அடிச்சது உங்க பாஸு."

"என்ன உளர்ற?"

"என் மக துதாவைக் கட்டித் தாங்கன்னு வந்தான். பொண்ணுக்குக் குடுக்கிற மஹருக்கு என்னப்பா வச்சிருக்கேன்னேன். 'கையில ஒண்ணுமில்ல, ஆனா வழி என்னோடது. நடக்கறவங்களை உங்க வாசலுக்குக் கொண்டாந்து விடறேன்'னான். சத்தியமா நான் வாய்விட்டுக் கேக்கலக்கா, அவனாத்தான் குடுத்தான். உங்களுக்குத் தெரியும்னுல்ல நினைச்சேன்!"

மகன் பெண் கேட்டதே அவளுக்குத் தெரியாது. வரப்போகிற மருமகளுக்கென்று மேலாடையில் குத்தும் தன் வெள்ளி மார்பூசியைத் துணியில் சுற்றி வைத்திருந்தவள் அவள். வாயைத் திறந்து கேட்டிருந்தால், வழியென்ன, அக்ரூட் மரத்தையே வேரோடு கொடுத்திருப்பாளே! வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? டீ வேண்டாமென்று கையைக் காட்டிவிட்டுத் திரும்பினாள்.

ஓடையில் பாஸு நின்றிருந்தான், புதிதாக ஏழெட்டுப் பேரோடு. படிக்கல்லில் ஒவ்வொருவருக்கும் கைகொடுத்து இந்தப் பக்கம் ஏற்றிக்கொண்டிருந்தான். அம்மாவைப் பார்த்ததும் முகம் வெளுத்தது.

கேமரா வைத்திருந்த பெண் கேட்டாள், "எவ்வளவு அழகான முகம்! யார் இவங்க?"

"யாரோ, இந்தப் பக்கத்துக் கிழவி," என்றான் பாஸு, பிரெஞ்சில்.

இத்தோவுக்கு அது புரிந்தது. வழியைத் திருப்பியதைக்கூடப் பொறுத்திருப்பாள். இதை எங்கே கொண்டுபோய் வைப்பாள்?

எல்லாரும் பார்க்கிறார்களே என்று அவன் அவளுக்கும் கையை நீட்டினான். அவள் பிடித்துக்கொண்டாள், முழங்கால் வலிக்கிறதே, என்ன செய்ய. அவள் பிடித்து நடக்கப் பழக்கிய கை. அக்கரை ஏறியதும் விட்டுவிட்டு, அவன் முகத்தைப் பார்த்துத் தெளிவாகச் சொன்னாள்: "உன்னைப் பெத்தவங்களுக்கு அல்லா கருணை காட்டட்டும், தம்பி."

வந்தவர்களுக்கு ஒரே குஷி. காலையில்தான் பாஸு அந்த வார்த்தையைக் கற்றுக்கொடுத்திருந்தான். தாங்களும் உதவி வாங்கியவர்கள்தானே என்று, மழலையாக, ஒருவர் பின் ஒருவராக அதையே அவனிடம் சொன்னார்கள். பதிலுக்காக அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இத்தோ தடியை ஊன்றி, செம்மண் பூசிய கற்களின் வழியே வீட்டுக்கு நடந்தாள்.