வீரனுக்குச் சீனி கூடாது

மாட்டுக்கு ஊசி போடுகிற உத்தியோகத்தில் இருந்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்: மாடு உதைத்தால் தைலம் பூசலாம், வளர்ப்பவர்கள் அன்பு காட்டத் தொடங்கினால் தப்ப வழியே இல்லை. ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பதுகளில் முள்ளியவளைப் பக்கம் மிருக வைத்திய உதவியாளராக இருந்த எனக்கு மாடுகளால் வந்த கரைச்சல் குறைவு. வந்ததெல்லாம் ஒரு நாயால்.

எறும்பு காட்டிக்கொடுத்த வருத்தம்

ஊர்த் தலைமைக்காரரான விதானையாரின் நாய் வீரன் நாள் முழுக்கத் தண்ணீர் குடித்தான், வேலி முழுக்க நனைத்தான். நனைத்த இடமெல்லாம் எறும்பு மொய்த்தது. வவுனியாவிலிருந்து வந்த டாக்டர் பார்த்துவிட்டு நீரிழிவு என்றார். தினமும் காலையில் இன்சுலின் ஊசி, உடனே சாப்பாடு. இனிப்பு மட்டும் வாயில் படக்கூடாது, ஒரு பண்டிகையே ஆளை முடித்துவிடும் என்றார்.

ஊசி போடும் வேலை என் தலையில் விழுந்தது. பிள்ளை போல வளர்த்த நாய். விதானையாருக்குக் கண் கலங்கிவிட்டது. அவருடைய மனைவி செல்லமக்கா மட்டும் கொஞ்சம் பெருமையோடு கேட்டா: "கொழும்பிலை பெரிய ஆக்களுக்கு வாற வருத்தமெல்லே தம்பி, எங்கட வீரனுக்கு எப்பிடி வந்தது?"

ஆளுக்கொரு வாய்

தைப்பொங்கலுக்கு மறுநாள் சிரட்டையும் கையுமாக வீரனுக்குப் பின்னால் அலைந்தேன். பிடித்த மூத்திரத்தில் நீல மருந்து கலந்து கண்ணாடிக் குழாயில் காய்ச்ச வேண்டும். நீலமாகவே இருந்தால் சுகம், செங்கல் நிறமானால் சீனி. குழாயில் அசல் செங்கல்.

தாங்கள் ஒன்றும் கொடுக்கவில்லை என்று வீட்டார் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்கள். பொய்யில்லை. பொங்கலை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்க் கொடுப்பது வழக்கமல்லவா? கொண்டுவந்த ஒவ்வொருவரும் வாசல் படலையில் வாலாட்டி நின்றவனுக்கு ஒரு வாய் வைத்துவிட்டுத்தான் உள்ளே போயிருக்கிறார்கள். மொத்தம் பதினொரு வீடு. பக்கத்து வளவுப் பரமேசக்காவைப் பிடித்துக் கேட்டேன். அவா கோபித்துக்கொண்டா: "நான் குடுத்தது ஒரு வாய்தான் தம்பி, அதுவும் கற்கண்டு போடேல்லை, வெறும் சக்கரை மட்டுந்தான்!"

பெருநாள் எலும்பு

விதானையாரின் சிநேகிதர் மீராசா நானா முல்லைத்தீவில் புடவைக்கடை வைத்திருந்தவர். நோன்புப் பெருநாளுக்குத் தேங்காய்ப்பாலும் சக்கரையும் சேர்த்து அவித்த வட்டிலப்பம் அனுப்புவார். அந்த வருடம் தானே சைக்கிளில் கொண்டுவந்து, சட்டியை உறியில் ஏற்றவைத்தார். நாயைத் தொடுவதில்லை என்பதால், வீரனுக்கென்று தனியாக அவித்த ஆட்டெலும்பைத் தூர நின்று எறிந்தார். வீட்டார் வட்டிலப்பத்தை வழித்து முடிக்கும்வரை நானா கதிரையை விட்டு எழும்பவில்லை.

மறுநாள் குழாய் நல்ல நீலம். நன்றி சொல்லக் கடைக்கே போனேன். நானா துணியை அளந்தபடி சொன்னார்: "நாய் என்னிலை முட்டக்கூடாது, சீனி நாயிலை முட்டக்கூடாது. ரெண்டையும் பாத்துக்கொண்டனான், அவ்வளவுதான்."

மேளம் நின்ற கலியாணம்

அடுத்தது விதானையாரின் மகளுடைய கலியாணம். பலகாரச் சூட்டுக்குப் பெண்கள் கூடியிருந்த இடத்துக்கே போய், வீரனுக்கு இனிப்புக் கொடுப்பது கொலைக்குச் சமம் என்று வெருட்டிவிட்டு வந்தேன். வெருட்டல் அளவுக்கு மேலே வேலை செய்துவிட்டது. கலியாணத்தன்று காலை ஊசியைப் போட்டு, "சாப்பாடு வையுங்கோ" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வேட்டி மாற்றப் போனேன். பயத்தில் ஒருவரும் சோறுகூட வைக்கவில்லை.

மாப்பிள்ளை படலையடிக்கு வர, வீரன் பந்தலுக்குள் விழுந்து வலிப்பில் இழுத்துக்கொண்டு கிடந்தான். எனக்கு உடனே விளங்கிவிட்டது. மருந்து ஏறிய உடம்பில் சாப்பாடில்லை, இரத்தத்தில் சீனி வற்றிவிட்டது. செத்தால் கொன்றவன் நான்தான். "சீனி! கெதியாச் சீனி கொண்டுவாங்கோ!" என்று கத்தினேன்.

ஒருவரும் அசையவில்லை. பரமேசக்கா சீனி போட்டிருந்த தகரப் பேணியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டா. "கொலையெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

மேளம் நின்றுவிட்டது. மாலையோடு நின்ற விதானையார் என் முகத்தை ஒருதரம் பார்த்தார். பிறகு பேணியைப் பறித்து என்னிடம் தந்தார். சீனியைத் தண்ணீரில் குழைத்து வீரனின் பல் முரசில் தேய்த்தேன். ஐயர் நேரம் போகுது என்று கூப்பிட்டார். "அவன் எழும்பட்டும்" என்றார் விதானையார்.

கால் மணித்தியாலம் கழித்து வீரன் தலையைத் தூக்கி என் விரலை நக்கினான். சபை நடுவே நான் அழுதேவிட்டேன். செல்லமக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னா: "சனம் ஒளிச்சு ஒரு வாய் குடுத்ததுக்கு அந்தப் பேச்சுப் பேசினியள். நீங்கள் ஊரைக் கூட்டி வைச்சுப் பேணியோடையெல்லே வாயிலை தீத்தினியள்!"

அதற்குப் பிறகு முள்ளியவளையில் நான் எந்த மாட்டுக்கு எதைக் கொடுக்கக்கூடாது என்று சொன்னாலும், எப்படியும் கலியாணத்தன்று மாற்றிச் சொல்லுவேன் என்று சனம் பொறுமையாகக் காத்திருந்தது.