ஐம்பத்தைந்தைத் தாண்டாத ஓபல்

விடியற்குளிரில் ஒரு முழங்காலை மண்ணில் ஊன்றிக்கொண்டு, ஓபல் ரிங்ஸ்டாட் தன் பிக்கப் வண்டியின் பின்சக்கரத்தில் காற்றழுத்தம் பார்க்கிறார். ஆறு சக்கரங்கள், ஆறுக்கும் தினமும் இந்த மரியாதை உண்டு. "ஓடி வந்தப்புறம் கேட்டா டயர் பொய் சொல்லும். தூங்கி எழுந்ததும் கேட்டாத்தான் உண்மை வரும்" என்பார்.

அந்த அம்மாளுக்கு வயது அறுபத்திரண்டு. குதிரைக்கு லாடம் அடிப்பது தொழில். அமெரிக்காவின் கிழக்கு மொன்டானாவில் நாற்பது மைல் தள்ளியிருந்தாலும் அது பக்கத்து வீடுதான். பட்டறைக்கல், உலை, இரும்புச் சாமான் எல்லாம் ஏற்றிய அந்தக் கனத்த டீசல் வண்டி மற்றவர்களிடம் கேலனுக்குப் பதினாலு மைல் கொடுத்தால் பெரிது. ஓபலிடம் இருபதைத் தொடும்.

மந்திரம் ஒன்றுமில்லை. கூரைமேல் காற்றைத் தடுத்துக்கொண்டிருந்த விளக்குச் சட்டத்தைக் கழற்றிக் கோழிக்கூண்டுக்கு முட்டுக் கொடுத்துவிட்டார். சேற்றுக்கான முரட்டு டயர்களைக் கழற்றிச் சாலை டயர்களை மாட்டினார். பின்பெட்டியைத் தார்ப்பாயால் மேளத்தோல் மாதிரி இழுத்து மூடியிருப்பார். மேட்டின் உச்சி வரும் முன்பே கால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து எழுந்துவிடும். பக்கத்தில் உட்கார்ந்து எத்தனையோ தடவை போயிருக்கிறேன்; வேகமுள் ஐம்பத்தைந்து மைலைத் தாண்டி நான் பார்த்ததில்லை. எங்கள் பக்கம் பகலேற ஏற மேற்குக் காற்று வலுக்கும். அதனால் மேற்குப் பண்ணைகளுக்கு விடியலில் கிளம்பி, காற்று முதுகைத் தள்ளும்போது திரும்புவார். அவசரப்பட்டுப் போன் செய்கிறவர்களுக்கு ஒரே பதில்: "காத்து இறங்கட்டும், வர்றேன்."

காபிக் கடையில் டெல்மர் பூத்துக்கு இதைச் சொல்லிச் சீண்டாமல் பொழுது போகாது. குதிரை வளர்ப்பவர், எண்பதுக்குக் குறையாமல் ஓட்டுகிறவர்.

"ஏன் அம்மணி, வர்ற வழியில ஆமை ஏதோ உங்களை முந்திச்சாமே?"

"முந்திச்சு. அப்புறம் உன்னை மாதிரி பங்க்ல நின்னுட்டிருந்துச்சு. நான் தாண்டி வந்துட்டேன்."

போன ஆகஸ்டில் வடக்கே புல்வெளி தீப்பிடித்தது. மின்கம்பங்கள் எரிந்து விழ, ஊரில் ஒரு பங்க் கூட ஓடவில்லை. டெல்மரின் பண்ணை நாற்பத்தைந்து மைல் வடக்கே. லாயத்தில் ஆறு குதிரைகள். அங்கே தீ வந்து சேர இரண்டு மணி நேரம் என்றார்கள். அவரோ ஊருக்குள் இருந்தார், வண்டியில் டீசல் அடிமட்டம். நேரே ஓபலிடம் ஓடிவந்தார். ஓபலிடம் கால் டாங்க் இருந்தது. கனம் குறையப் பட்டறைக்கல்லையும் உலையையும் நடைபாதையில் இறக்கினார். டெல்மரின் குதிரை டிரெய்லரை மாட்டினோம். குதிரைகளைப் பிடிக்க ஆள் வேண்டும் என்று நானும் ஏறிக்கொண்டேன்.

தொடுவானம் பழுப்பாகிக்கொண்டிருந்தது. வேகமுள் ஐம்பதில் நின்றது.

"ஓபல், அழுத்துங்க! உங்க கால்ல விழறேன், அழுத்துங்க!"

"அழுத்தினா சீக்கிரம் போயிடலாம், டெல்மர். திரும்பி வர்றப்போ ஊருக்கு இருபது மைல் முன்னாடியே நின்னுடுவோம். பின்னால ஆறு குதிரை, அதுக்குப் பின்னால தீ. அது போதுமா உனக்கு?"

டெல்மர் தொப்பியை முகத்தில் அழுத்திக்கொண்டார். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த ஓபலின் விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. கால் மட்டும் அசையவில்லை.

லாயத்தில் புகை கண்ணைக் கரித்தது. ஆறையும் ஏற்றி வெளியே வந்தபோது வடக்கு வேலி பற்றியிருந்தது. அன்று காற்று வடக்கிலிருந்து எங்கள் முதுகில் அடித்தது. "தீயைத் தள்ளுற காத்துதான் நம்மளையும் தள்ளுது. வேண்டாம்னு சொல்ல முடியுமா?" என்றபடி ஓபல் ஏசியை அணைத்தார். அடுப்புக்குள் உட்கார்ந்த மாதிரி இருந்தது. கண்ணாடியில் தெரிந்த புகை மெல்ல மெல்லச் சின்னதானது. கடைசிப் பத்து மைலும் டீசல் எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

ஊர்ச் சந்தைத் திடலுக்குள் வண்டி நுழைந்ததும் கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். ஆறு குதிரைகளும் ஒவ்வொன்றாக இறங்கின. டெல்மர் அழுதுகொண்டே இரண்டு கைகளையும் விரித்தபடி ஓபலிடம் வந்தார்.

"இதைப் பிடி" என்று அந்தக் கைகளில் செம்பழுப்புக் குதிரையின் கயிற்றைத் திணித்தார் ஓபல். "நொண்டுது பாரு." பிறகு குனிந்து, அதன் முன்னங்காலைத் தன் மடியில் தூக்கி வைத்து, குளம்பில் சிக்கிய கல்லை விரலால் நெம்பத் தொடங்கினார்.