மாத்திரை டப்பாவுக்குள் பஞ்சு

போடியில், எச்.ஐ.வி.யோடு வாழும் பெற்றோரில்லாப் பிள்ளைகளின் விடுதிக்கு நான் முதலில் போனது இலக்கியம் புகட்டும் எண்ணத்தில். கூடவே இரண்டு மூட்டைப் புத்தகம். அதில் ஒரு மூட்டை இன்னும் பிரிக்கப்படாமல் அடுப்படியில் கிடக்கிறது. மேல் அலமாரி எட்டாத பிள்ளைகள் அதன்மேல் ஏறிக்கொள்கிறார்கள். புத்தகம் மனிதரை உயர்த்தும் என்று நானும் பல மேடைகளில் சொல்லியிருக்கிறேன்.

இலக்கியம் போணியாகவில்லை என்று தெரிந்ததும், காப்பாளர் அம்மா எனக்கு வேறு சோலி கொடுத்தார். தினமும் எட்டு மணிக்குப் பிள்ளைகள் மாத்திரை விழுங்குவதைப் பார்க்க வேண்டும். ஒரு நாளும் தவறக் கூடாது. அதில் எனக்குப் 'பெரியப்பா' என்ற பதவியும் வந்து சேர்ந்தது.

பிள்ளைகளில் மூத்தவள் பத்தாம் வகுப்பு. விஷயம் வெளியே தெரிந்து ஏற்கெனவே இரண்டு பள்ளிக்கூடம் மாறியவள். மூன்றாவதில்தான் பக்கத்தில் ஒட்டி உட்கார ஒரு தோழி கிடைத்திருந்தாள். அங்கே தலைமையாசிரியை தவிர யாருக்கும் எதுவும் தெரியாது.

குரங்கணியில் இரண்டு நாள் சாரணர் முகாம் வந்தது. புறப்படும் காலையில் அவள் குளிக்கப் போயிருந்தபோது, பையைச் சரிபார்த்தேன். சின்ன டப்பாவில் மாத்திரைகள். அவற்றைச் சுற்றி அழுக்கேறிய பஞ்சு. மற்றவர்கள் பொருளில் எனக்குச் சுகாதார அக்கறை அதிகம். பஞ்சைப் பிடுங்கி எறிந்துவிட்டு மூடினேன்.

வண்டி போன பிறகு, இந்தச் சாதனையைக் காப்பாளர் அம்மாவிடம் சொன்னேன். அவர் அரிசி புடைப்பதை நிறுத்தினார்.

"பஞ்ச எதுக்குண்ணே எடுத்தீக? நடந்தா கிலுகிலுன்னு கேக்குமே. போன பள்ளிக்கூடத்துல அந்தச் சத்தத்துலதான மாட்டுனா."

வெளியே கொண்டுபோகும் டப்பாவிலெல்லாம் பஞ்சு அடைப்பது பிள்ளைகள் தாமே கண்டுபிடித்த ஏற்பாடு என்று அப்போதுதான் தெரிந்தது. இத்தனை படித்தவனுக்கு அது மட்டும் தெரிந்திருக்கவில்லை.

மருந்துக்கடையில் ஒரு பஞ்சுச் சுருள் வாங்கிக்கொண்டு, குரங்கணி போகும் ஜீப்பில் உரமூட்டை லோடுக்கு நடுவே இடம் பிடித்தேன். வழியெல்லாம் குழிகள். ஒவ்வொரு குலுக்கலிலும் அந்த டப்பா என் காதுக்குள் கிலுகிலுத்தது.

முகாமில் பிள்ளைகள் வரிசையில் நின்றிருந்தார்கள். டீச்சர் வந்து, யார், என்ன வேணும் என்று கேட்டார். கண் அவரைவிட்டு என் கையிலிருந்த பஞ்சுக்குப் போனது. எந்தத் தலைப்பிலும் ஒரு மணி நேரம் பேசக்கூடியவன் நான். ஒரு பொய் வரவில்லை.

வரிசையிலிருந்து அவள்தான் வந்தாள். "எங்க பெரியப்பா டீச்சர். காதுவலி, பஞ்சு இல்லாம வெளிய கெளம்ப மாட்டாக. நான் போர்வைய மறந்துட்டேன், அதக் கொண்டாந்திருப்பாக."

டீச்சர் என் கைகளைப் பார்த்தார். போர்வை எங்கே என்றார்.

"அத அவுக மறந்துட்டாக டீச்சர்."

வரிசை முழுக்கச் சிரித்தது. அவள் பஞ்சைப் பிய்த்து உருட்டி, என் இடது காதை அடைத்தாள். வலது காதை அடைக்குமுன் அதில் மெல்லச் சொன்னாள்: "வரும்போதே சத்தம் கேட்டுச்சு. தோழி கொமட்டலுக்கு ஏலக்கா குடுத்தா. அத டப்பா நெறைய அடைச்சிட்டேன். இப்பக் கேக்கல. வெரசா கெளம்புங்க."

போடி வந்து சேரும்வரை பஞ்சை எடுக்கவில்லை. டிரைவர் ஏதோ திட்டிக்கொண்டே வந்தார்; சுகமாக இருந்தது.

முகாம் முடிந்து திரும்பியவள் காலி டப்பாவை என்னிடம் நீட்டினாள். ஏலக்காய் மணந்தது. கூடவே ஒரு சின்னக் குப்பியில் எண்ணெய். பூண்டு போட்டுக் காய்ச்சியது. வரும் வழியில் தோழி வீட்டில் இறங்கியபோது, அவளுடைய அம்மா எனக்காகக் கொடுத்துவிட்டாராம்.

"நாளைக்கி அவ கேப்பா, பெரியப்பா. விட்டுக்கிட்டீகளான்னு."

தலையைச் சாய்த்து, வலிக்காத காதில் இரண்டு சொட்டு விடச் சொன்னேன்.